கஜானா கணக்கில் வராத தண்ணீர்

1858 ஜூன் மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தியாவைப் பற்றி நடந்த விவாதத்தில் ஜான் பிரைட் ஓர் ஒப்பீட்டை முன்வைத்தார். 1834 முதல் 1848 வரையிலான 14 ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பரப்பு முழுவதிலும் சாலை, பாலம், கால்வாய், அணை என்று எல்லாப் பொதுப்பணிகளுக்கும் சேர்த்துச் செலவிட்டதைவிட, மான்செஸ்டர் என்ற ஒரே நகரம் தன் மக்களின் தண்ணீருக்கு மட்டும் செலவிட்ட தொகை அதிகம் என்றார் அவர். பிரைட் லங்காஷயர் ஆலை முதலாளிகளில் ஒருவர். இந்தியப் பஞ்சு துறைமுகத்துக்குத் தடையில்லாமல் வந்து சேர வேண்டும் என்பது அந்த வட்டாரத்தின் தேவை. ஆனாலும் அவர் தொட்டது உண்மையான புண்ணை. நிலத்தீர்வை, உப்பு வரி என்று குடிகளிடமிருந்து வசூலான பணத்தில் எது குடிகளுக்கே திரும்ப வர வேண்டும், எந்த வேலைக்கு வர வேண்டும், அதை எப்படித் தீர்மானிப்பது என்ற கேள்வி அடுத்த நூறு ஆண்டுகளுக்குச் சென்னை மாகாணத்தை விடவில்லை. அதற்கு அதிகாரிகள் கண்ட விடை எளிமையானது: போட்ட முதலுக்கு வட்டி திரும்புமா? கேட்க வேண்டிய கேள்விதான். வரிப்பணம் வரம்புக்குட்பட்டது; கேட்கிற எல்லோருக்கும் கொடுக்க முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை எல்லாத் திட்டங்களிடமும் ஒரே மாதிரி கேட்கவில்லை. விடையைக் கணக்கிட்டபோதும் கஜானாவுக்குள் விழுந்த ரூபாயை மட்டுமே எண்ணினார்கள். இந்த இரண்டு குறைகளுக்குமான விலையை 1876இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் பெல்லாரியிலும் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள் கொடுத்தார்கள் என்பதே என் வாதம்.

கம்பெனிக்கு வெறும் கட்டாந்தரை கைமாறவில்லை. 1850களில் சென்னை மாகாணத்தின் பாசனத்தை ஆராய்ந்த பேர்டு ஸ்மித் என்ற பொறியாளர், 14 மாவட்டங்களில் மட்டும் ஏறத்தாழ 53,000 ஏரிகள் இருப்பதாகவும், அவற்றின் கரைகளை வரிசையாக வைத்தால் 30,000 மைல் நீளும் என்றும், மதகு, கலிங்கு போன்ற கட்டுமானங்கள் மூன்று லட்சம் இருக்கும் என்றும் மதிப்பிட்டார். அவற்றில் பல்லாயிரம் அப்போதே பழுதுபட்டுக் கிடந்தன. வரி கட்டியவர்கள் இதைப் பேசாமல் இருக்கவும் இல்லை. காஜுல லட்சுமிநரசு செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் 1852இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனு, வரிச்சுமையையும் வரி வசூலில் நடந்த சித்திரவதையையும் சொன்னதோடு, சாலைகளும் பாசன வேலைகளும் கவனிப்பாரற்றுக் கிடப்பதையும் எடுத்துச் சொன்னது. சித்திரவதையை விசாரிக்க ஆணையம் அமைந்தது. ஏரிகளுக்கு அப்படி எதுவும் வேகமாக நடக்கவில்லை.

வட்டி திரும்புமா என்ற அளவுகோல் பிறந்ததே ஒரு வெற்றியிலிருந்து என்பதை மறைக்கக் கூடாது. பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கியபோது காவிரிப் படுகை தூர்ந்து, தண்ணீர் பெரும்பகுதி கொள்ளிடம் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அணை எழுந்ததும் தஞ்சாவூர் நஞ்சைக்குத் தண்ணீர் உறுதியானது, அரசுக்குத் தீர்வையும் உறுதியானது. அதே மனிதர் 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் கோதாவரிக்குக் குறுக்கே அணை கட்டினார். பஞ்சத்தால் நொறுங்கிக்கிடந்த அந்த மாவட்டம் மாகாணத்தின் நெற்களஞ்சியங்களில் ஒன்றானது. போட்ட முதல் தீர்வையாகவே பல மடங்கு திரும்பி வந்தது. காட்டன் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் வாதாடினார்: பாசனம் தர்மம் அல்ல, லாபம் தரும் முதலீடு, ரயிலுக்குக் கொட்டும் பணத்தைத் தண்ணீருக்குப் போடுங்கள். அவர் நோக்கம் உயர்ந்தது. ஆனால் எதிராளியின் மொழியிலேயே பேசிப் பழகியதால், லாபம் தராத தண்ணீருக்கு என்ன நியாயம் சொல்வது என்ற கேள்வி பதிலில்லாமல் நின்றுவிட்டது. டெல்டாவில் ஆறு ஓடுகிறது, ஓர் அணையைக் குறுக்கே போட்டால் லட்சக்கணக்கான ஏக்கர் நனையும். சேலத்திலும் வட ஆர்க்காட்டிலும் ராமநாதபுரத்திலும் அப்படி ஓர் ஆறு இல்லை. அங்கே செலவு அதிகம், வரவு குறைவு, தேவையோ மிகப் பெரிது.

ரயிலுக்கு வைத்த அளவுகோல் முற்றிலும் வேறு. 1849இல் தொடங்கிய ஒப்பந்தங்களின்படி, லண்டனில் பங்கு வாங்கியவர்களுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம், நிலம் இலவசம். ரயில் சம்பாதித்தால் அதிலிருந்து வட்டி. சம்பாதிக்காவிட்டால் இந்திய வருவாயிலிருந்து வட்டி. இந்த ஏற்பாட்டில்தான் 1856இல் ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது; 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தையும் திருச்சியையும் இன்னொரு கம்பெனி இணைத்தது. மைலுக்கு 8,000 பவுண்டு ஆகும் என்று போட்ட மதிப்பீடு, நாடு முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் இரண்டு மடங்கைத் தாண்டியது. சிக்கனமாகக் கட்ட யாருக்கும் அவசியம் இல்லை. வைஸ்ராயின் நிதி உறுப்பினராக இருந்த மாஸி 1872இல் நாடாளுமன்றக் குழுவின் முன் இதையே சாட்சியமாகச் சொன்னார்: 5 சதவீதம் உறுதியாக இருக்கும்வரை, தன் பணம் ஹூக்ளி ஆற்றில் போனாலும் செங்கல்லாக எழுந்தாலும் பங்குதாரருக்கு ஒன்றுதான் என்பது அவர் பேச்சின் சாரம். ரொமேஷ் சந்திர தத் தம் பொருளாதார வரலாற்றில் இதன் கூட்டுத்தொகையைத் தருகிறார். 1900 வரை ரயிலுக்குப் போனது சுமார் 22.5 கோடி பவுண்டு. அதனால் இந்திய வரிதாரருக்கு ஏற்பட்ட நஷ்டம் சுமார் 4 கோடி. பாசனத்துக்குப் போனது சுமார் 2.5 கோடி. ரயிலின் நஷ்டமாகத் தாங்கிய தொகையே பாசனத்துக்குப் போட்ட மொத்த முதலைவிட அதிகம்.

பாசனத் திட்டம் ஒன்று செயலகத்துக்குப் போனால் அதன் மேல் விழுந்த கணக்கு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1866இல் ஒரிசாவில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மாண்ட பிறகு, லாபம் தரக்கூடிய பாசன வேலைகளுக்குக் கடன் வாங்கிச் செலவிடலாம் என்று அரசு இறங்கிவந்தது. பின்னர் இது விதியாக இறுகியது. கட்டி முடித்த பத்து ஆண்டுக்குள் திட்டத்தின் நிகர வருவாய் அதற்கு வாங்கிய கடனின் வட்டியை ஈடுகட்ட வேண்டும்; அப்படியானால் அது ஆக்கப்பணி, கடனில் கட்டலாம். இல்லையென்றால், பஞ்சத்திலிருந்து காப்பதற்கான காப்புப்பணி என்ற சிறிய பெட்டிக்குள் போக வேண்டும், அல்லது திரும்பிவர வேண்டும். நிகர வருவாய் என்பது என்ன? ஒரு புஞ்சை ஏக்கருக்கு ஒரு ரூபாய் தீர்வை, தண்ணீர் பாய்ந்தால் ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் ஏறுவது நான்கு ரூபாய். அதிலிருந்து பராமரிப்பு, சிப்பந்திச் செலவு கழியும். கட்டும் காலத்து வட்டி முதலோடு சேரும். அந்த ஏக்கரில் விளைந்த நெல்லின் விலை கணக்கில் இல்லை. அறுப்புக்குப் போன பெண்ணின் கூலி இல்லை. வைக்கோல் தின்ற மாடு இல்லை, கையில் நாலு காசு வந்ததால் சேலை வாங்கிய குடும்பமும் அதை நெய்தவரும் இல்லை. முக்கியமாக, மழை பொய்த்த ஆண்டில் ஊரைவிட்டு ஓடாமல் இருந்த குடும்பங்கள் இல்லை. நல்ல மழைக்காலத்தில் தண்ணீர் கேட்க ஆளில்லாத புஞ்சைச் சீமைத் திட்டம் இந்த அட்டவணையில் எப்போதும் தோற்கும், அது உயிர்காக்கப்போவது இருபது ஆண்டுக்கு ஒருமுறை என்பதால். அந்த ஒருமுறைக்கு அட்டவணையில் கட்டம் கிடையாது.

அந்த ஒருமுறை 1876இல் வந்தது. இரண்டு பருவமழையும் பொய்த்தன. சென்னை, மைசூர், பம்பாய், ஐதராபாத் என்று தக்காணம் முழுக்கப் பரவிய அந்தப் பஞ்சத்தைத் தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்றே இன்றும் சொல்கிறோம். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்ததாக அதிகாரபூர்வ மதிப்பீடே சொல்லும். சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் சுமார் 16 லட்சம். பெருகியிருக்க வேண்டிய பத்து ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான மக்கள் இல்லாமல் போனார்கள். சிலர் வெளியூரும் வெளிநாடும் போயிருக்கலாம். அதுவும் பிழைக்க வழியில்லாமல் போனதுதான். அதே மாகாணத்தில் தஞ்சாவூர், கோதாவரி, கிருஷ்ணா டெல்டாக்கள் தாக்குப்பிடித்தன, வெளியே தானியமும் அனுப்பின. வட்டி திரும்பும் இடத்தில் தண்ணீர் இருந்தது; உயிர் போகும் இடத்தில் இல்லை. அரை நூற்றாண்டுக்காலம் பணத்தை ஒதுக்கிய முறையின் வரைபடமும் பஞ்சத்தின் வரைபடமும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன.

சிக்கன மனப்பான்மை நிவாரணத்துக்குள்ளும் நுழைந்தது. வைஸ்ராய் லிட்டன் சென்னைக்கு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக் கூலியைக் குறைத்தார்: நாள் முழுவதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்பது விதி. மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இது உயிர்தரிக்கவே போதாது என்று கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களுக்குப் பின்னரே கூலி ஓரளவு உயர்ந்தது. இதே டெம்பிள் 1874இல் பீகாரில் பர்மா அரிசியை வரவழைத்துத் தாராளமாகச் செலவிட்டுச் சாவுகளை மிகக் குறைத்திருந்தார். அதற்கு அவருக்குக் கிடைத்தது, பணத்தை வீணடித்தார் என்ற கண்டனம். சாகாத மக்களைக் காட்டிச் செலவை நியாயப்படுத்த அவரால் முடியவில்லை, ஏனென்றால் நடக்காமல் போன சாவு எந்தப் பேரேட்டிலும் பதிவாகாது. இந்த ஒரு நிகழ்ச்சியைவிடத் தெளிவாக அந்தக் கால அளவுகோலின் குறையைக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாக எழும். டெல்டா நெல்லைச் சேலத்துக்குக் கொண்டுவந்தது எது? ரயில்தானே? உண்மை. ரயில் இல்லாதிருந்தால் உள்நாட்டு மாவட்டங்களுக்கு அவ்வளவு தானியம் போயிருக்காது. பஞ்ச காலத்தில் வண்டிமாடுகளும் தீவனமின்றிச் செத்துக்கொண்டிருந்தன. ரயில் பிற்காலத்தில், இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில், லாபமும் காட்டத் தொடங்கியது. ஆனால் ஸ்டேஷனில் மூட்டை இறங்கிவிட்டால் மட்டும் கூலிக்காரர் வயிறு நிறையாது. உழவு நின்றதால் கூலி நின்றது. கூலி நின்றதால் கடையில் இருந்த அரிசி அவருக்கு எட்டவில்லை. விலை எங்கே அதிகமோ அங்கே தானியத்தை இழுத்துப்போகும் ரயில், வாங்கும் சக்தி இல்லாத ஊரிலிருந்து அதை வெளியேயும் கொண்டுபோனது. சர் ரிச்சர்டு ஸ்டிரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையமே 1880இல், பஞ்சத்தில் முதலில் அற்றுப்போவது வேலை என்பதை ஒப்புக்கொண்டது, வறட்சிக்கு எதிரான காப்புகளில் பாசனத்துக்கு முதலிடம் தந்தது. ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வணிகம் பெருகும், படை நகரும், பஞ்சத்தில் உதவும் என்று ரயிலுக்கு மறைமுகப் பலன்கள் அத்தனையையும் வரவில் வைத்தார்கள். அதே சலுகையைப் புஞ்சைச் சீமைப் பாசனத்துக்கும் கொடுத்திருக்க வேண்டும். அல்லது பத்து ஆண்டுக்குள் வட்டி என்ற விதியை ரயிலுக்கும் வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் சென்னை மாகாணத்தில் ஓடிய ரயில் பாதைகளில் மிகச் சிலவே தேறியிருக்கும்.

இதைவிட வலுவான மறுப்பு கர்னூல்–கடப்பைக் கால்வாய். காட்டனின் உற்சாகத்தில் பிறந்த சென்னை பாசன, கால்வாய்க் கம்பெனி, 10 லட்சம் பவுண்டு முதலுக்கு 5 சதவீத உத்தரவாதத்தோடு துங்கபத்திரையிலிருந்து இந்தக் கால்வாயை வெட்டியது. செலவு மதிப்பீட்டை மீறியது, அரசு மேலும் பணம் போட்டது. கரிசல் மண்ணில் சோளமும் பருத்தியும் போடும் விவசாயிகள் சாதாரண ஆண்டுகளில் தண்ணீரை வாங்க வரவில்லை. 1882இல் அரசே அதை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. தண்ணீர் என்ற பெயரில் கேட்பவருக்கெல்லாம் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா என்று அன்றைக்கே கேட்டார்கள். 1878இல் நாடாளுமன்றக் குழுவின் முன் காட்டனைக் குறுக்கு விசாரணை செய்தபோது இதுதான் அவர்கள் கையில் இருந்த ஆயுதம். இந்த மறுப்பில் பாதியை நான் ஏற்கிறேன். ஆராயாமல் கட்டிய திட்டம் அது. மண்ணை அறிந்தவரைக் கேட்காமல் வெட்டிய கால்வாய். ஆனால் அது கெட்டதற்குக் காரணம் ரயிலைக் கெடுத்த அதே உத்தரவாதம். நஷ்டம் வேறொருவர் தலையில் விழும் என்று தெரிந்த கம்பெனி எதைக் கட்டினாலும் அப்படித்தான் கட்டும். எனவே இந்தக் கால்வாயின் தோல்வி சோதனை வேண்டும் என்பதற்குச் சான்று. வட்டிச் சோதனை மட்டும் போதும் என்பதற்குச் சான்றாகாது.

பணமே இல்லையே என்பது மூன்றாவது மறுப்பு. இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பஞ்சத்துக்குப் பின், இனி ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாயைப் பஞ்சக் காப்புக்கென்று ஒதுக்குவோம் என்று அரசு சொன்னது. அதற்காகவே தொழில் உரிம வரியும் நிலத்தின் மேல் புதிய செஸ்ஸும் விதித்தது. வரி வசூலானது. ஆனால் 1878இல் ஆப்கானிஸ்தானத்தில் போர் மூண்டபோது இந்தக் காப்புப் பணம் சொன்ன வேலைக்குப் போகவில்லை. பஞ்சத்தில் செத்தவர்களின் பேரால் வாங்கிய பணம் போர்க்காலச் செலவில் கரைந்ததை அன்றைய இந்தியப் பத்திரிகைகளும் சங்கங்களும் உரக்கக் கேட்டன. இரண்டாம் ஆப்கானியப் போரின் செலவில் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது 50 லட்சம் பவுண்டு. எஞ்சிய பெரும்பங்கு இந்திய வருவாயின் மேல் விழுந்தது. பணம் வரம்புக்குட்பட்டது என்பது எந்த ஆட்சிக்கும் உண்மை. வரம்பு எங்கே என்பதை முடிவு செய்தவர்கள் போருக்கும் ரயில் வட்டிக்கும் ஒரு வரம்பு, ஏரிக்கு ஒரு வரம்பு என்று வைத்ததுதான் பிரச்சினை.

ஏரி ஊருடைய சொத்து, ஊரார் பார்த்துக்கொள்ளட்டும், கஜானா எதற்கு என்ற வாதமும் உண்டு. ஊராரே கூடிக் கரையைப் பழுதுபார்க்கும் குடிமராமத்து என்ற மரபையே இதற்குத் துணைக்கு அழைத்தார்கள். 1858இன் முதலாம் சட்டம், வழக்கப்படி கரை வேலைக்கு ஆள் தராத குடியானவரிடமிருந்து அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு வசூலிக்கலாம் என்றது. மரபை உண்மையாகவே பார்ப்போமானால், பழைய ஊர் சபைகளிடம் உழைப்புக் கடமையோடு வருவாயும் அதிகாரமும் இருந்தன. ஏரியைப் பேணுவதற்கென்று ஏரிப்பட்டி என்ற நிலம் விட்டார்கள். ஏரி ஆயம் என்று வரி வாங்கினார்கள். பிற்காலத்தில் ஏரிப் பராமரிப்புக்கான தசபந்த மானியங்கள் இருந்தன. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், 919ஆம், 921ஆம் ஆண்டுகளில், ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் முறை விரிவாக இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக் கூடாது. அது பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. உழுதவர்களுக்கு அதில் இடமில்லை, அதைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் பணத்தைச் செலவிடுபவர் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஒன்று அங்கே இருந்தது. கம்பெனி காலத்தில் விளைச்சலின் பெரும்பங்கு குடியானவர் ஒவ்வொருவரும் நேரே கட்டும் ரயத்துவாரித் தீர்வையாகக் கஜானாவுக்குப் போனது. கடமை மட்டும் ஊரில் தங்கியது. 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் என்ற ஒன்றை அரசு தொடங்கியது, நல்ல வேலைகளும் நடந்தன. ஆனால் பெரிய அணைக்குக் கடன் வாங்கலாம், ஏரிப் பழுதுக்கு அந்தந்த ஆண்டு வருவாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். கை இறுகிய ஆண்டில் முதலில் வெட்டு விழுவது எங்கே என்பதை எந்த அலுவலகத்திலும் பணியாற்றியவருக்குச் சொல்லத் தேவையில்லை.

பெரியாற்றின் கதை இந்த வாதத்தை முழுமையாகக் காட்டுகிறது. மேற்கே பாயும் ஆற்றைத் திருப்பி வைகைப் பக்கம் விட வேண்டும் என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராமநாதபுரம் சமஸ்தானத்தில் எழுந்தது. பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்க்கச் செய்தார். 1808இல் கேப்டன் கால்டுவெல் மலையேறிப் பார்த்து, இது வீண் கனவு என்று எழுதிக் கோப்பை மூடினார். 1850இல் சிறிதாகத் தொடங்கிய முயற்சி காய்ச்சலால் நின்றது. 1867இல் பொறியாளர் ரைவ்ஸ் ஒரு திட்டம் கொடுத்தார், 1872இல் ஸ்மித் என்ற வேறொரு பொறியாளர் அதைத் திருத்தினார். பிறகு பஞ்சம் வந்தது. எந்தப் பஞ்சத்தைத் தடுக்க அந்த அணை வேண்டுமோ அந்தப் பஞ்சமே கஜானாவைக் காலி செய்து அணையைத் தள்ளிப்போட்டது. 1882இல் பொறியாளர் பென்னிகுயிக்கிடம் பொறுப்பு வந்து, 1884இல் ஒப்புதல் கிடைத்து, 1886 அக்டோபரில் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாகி, 1887இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் அதைத் திறந்துவைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்துக் கட்டிய அந்தச் சுவருக்காக வெள்ளத்திலும் காலராவிலும் காய்ச்சலிலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் மடிந்தார்கள். பென்னிகுயிக் தம் சொத்தை விற்றுக் கட்டினார் என்று கம்பம் பள்ளத்தாக்கில் நன்றியோடு சொல்வார்கள். அந்த நன்றி அவருக்கு உரியதே. ஆனால் திட்டச் செலவாக ஏறத்தாழ 81 லட்சம் ரூபாய் அரசுக் கணக்கில் நிற்கிறது. அந்தக் கணக்கு வரிதாரருடையது, அவர்கள் பெயரும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். பெரியாறு பெரிய லாபம் காட்டிய திட்டம் அல்ல. கோதாவரிக்கு முன் அது ஏழை. லாபத்தை மட்டும் பார்த்திருந்தால் மேலூரும் திருமங்கலமும் இன்னும் வானத்தைப் பார்த்தே இருந்திருக்கும்.

அதிகாரிகள் பாடம் கற்காமல் இல்லை. 1896–97, 1899–1900 என்று அடுத்தடுத்து வந்த பஞ்சங்களுக்குப் பின் ஸ்காட் மான்கிரீஃப் தலைமையில் அமைந்த பாசன ஆணையம், 20 ஆண்டில் 44 கோடி ரூபாய்க்கு வேலை செய்யலாம் என்று 1903இல் பரிந்துரைத்தது. வட்டி திரும்பாத காப்புப்பணியையும் எடுக்கலாம் என்றது. அதற்கு ஏக்கருக்கு எவ்வளவு வரை போடலாம் என்று ஒரு கணக்கும் சொன்னது. பஞ்சம் வந்தால் அரசு செலவிட வேண்டிய நிவாரணத் தொகையில் எவ்வளவு மிச்சமாகும் என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. முன்னேற்றம்தான்; நடக்காத பஞ்சத்துக்கு முதன்முதலாக ஒரு மதிப்பு கிடைத்தது. அதுவும் கஜானாவுக்கு மிச்சமாகும் ரூபாயின் மதிப்பு. நிவாரணத்தைக் குறைவாகக் கொடுத்துப் பழகிய மாவட்டத்தில் மிச்சமும் குறைவு, ஆகவே அங்கே காப்புக்குப் போடத்தக்க முதலும் குறைவு என்ற கொடுமையை இந்தக் கணக்கு தன்னுள் வைத்திருந்தது.

இவ்வளவும் நடந்தபோது பணத்தைக் கொடுத்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்று பார்த்தால், 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரி மசோதா வந்தாலொழிய வரவு செலவைப் பற்றிச் சட்டசபையில் பேசவே இடமில்லை. 1892இல் பேச மட்டும் அனுமதி கிடைத்தது, வாக்களிக்க அல்ல. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் கல்வியும் சுகாதாரமும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்களிடம் வந்தன. பாசனம் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே ஒதுக்கப்பட்டிருந்தது. விடுதலைக்குப் பின்னும் பழைய வட்டிச் சோதனை உடனே போய்விடவில்லை. பேராசிரியர் காட்கில் 1948இல், மராட்டியத்தில் கோதாவரி, பிரவரா கால்வாய்களின் பகுதியில் வீடு வீடாக, வயல் வயலாகக் கூலியும் விளைச்சலும் வணிகமும் எப்படி மாறின என்று அளந்து, அரசுக்கு வந்த தண்ணீர்த் தீர்வை பாசனத்தின் பலனில் ஒரு சிறு பகுதியே என்று காட்டினார். 1964இல் அவர் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, கஜானாவின் வருவாய்க்குப் பதிலாக விவசாயிக்கும் சமூகத்துக்கும் வரும் பலனைச் செலவோடு ஒப்பிடும் முறைக்கு நாடு மாறத் தொடங்கியது. வறட்சிப் பகுதித் திட்டங்களுக்கு மற்ற இடங்களைவிடத் தளர்ந்த வரம்பும் பின்னர் ஏற்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் புஞ்சைச் சீமை கேட்டுக் கிடைக்காத சலுகை அதுதான். தாது வருஷத்துக்கும் அந்த மாற்றத்துக்கும் இடையே 88 ஆண்டுகள் போயிருந்தன.